இரண்டாவது பெட்டியில் இருப்பவர்: அசைவு மாற்றும் கருவிகளை உருவாக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு படம், ஒரு வீடியோ. இரண்டையும் கொடுத்தால் படத்தில் இருக்கும் உருவம் வீடியோவில் இருப்பவரைப் போலவே நடக்கிறது, ஆடுகிறது, திரும்பிப் பார்க்கிறது. இதைச் செய்துதரும் ஏஐ கருவிகளை எழுதும் பொறியாளர்களுக்கும், அவற்றின் திரையை வடிவமைப்பவர்களுக்கும், என்ன விதிகளோடு வெளியிடுவது என்று முடிவெடுப்பவர்களுக்கும் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பதினாறு வருடங்களாக அனிமேஷன் வேலை பார்ப்பவள். கையால் வரைந்து பழகியவள். இரண்டு வருடங்களாக உங்கள் கருவிகளும் என் மேசையில் இருக்கின்றன. ஒரு பாத்திரம் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுவரை போவதை வரைய முன்பு எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். இப்போது ஒரு பிற்பகலில் அதன் முதல் வடிவம் கையில் இருக்கிறது. அதற்கு நன்றி. கருவியை மூடிவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை.

போன மாதம் ஒரு பூனை ஆடுவதைப் பார்த்தேன். யாரோ வரைந்த ஆரஞ்சு நிறப் பூனை, இரண்டு காலில் நின்று ஆடியது. மொத்தம் பத்து விநாடிதான். இடப்பக்கம் சுழல்வதற்கு முன்னால் அது வலது காலில் ஒரு கணம் கூடுதலாக நின்றது. தோள் லேசாக இறங்கியது. இடது கை தொடையைத் தொட்டுவிட்டு மேலே போனது. அப்புறம்தான் சுழன்றது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த நிற்றல் எனக்குத் தெரியும். அது என் தோழியுடையது.

அவள் நடனம் சொல்லிக்கொடுப்பவள். பல வருடங்களுக்கு முன் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. சட்டென்று திரும்பக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆடாமல் இருக்க முடியாதவள், திரும்புவதற்கு முன் பாரத்தை வலது காலுக்கு மாற்றிக்கொள்ளப் பழகினாள். முதலில் அது பயத்தில் வந்த நிறுத்தம். போகப்போக அதற்குள் ஒரு அழகு வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது அவளுடைய மாணவிகள், முழங்காலில் எந்தக் குறையும் இல்லாதவர்கள், காரணம் தெரியாமலே அதே இடத்தில் நின்று திரும்புகிறார்கள். அவள் தன் சமூக வலைத்தளப் பக்கத்தில் போட்ட ஒரு வீடியோவிலிருந்து யாரோ அந்த ஆட்டத்தை எடுத்துப் பூனைக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அவளிடம் காட்டினேன். மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தாள். "பூனைக்கு எதுக்குடி என் முழங்கால் வலி?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இதுல என் பேரு எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள். இல்லை. எங்கும் இல்லை.

அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

உங்கள் திரையில் இரண்டு பெட்டிகள் இருக்கின்றன. முதல் பெட்டியில் படம், இரண்டாவதில் வீடியோ. நான் பயன்படுத்திய கருவிகளில் முதல் பெட்டியைச் சுற்றி ஓரளவு கவனம் தெரிகிறது. 'இந்தப் படத்தைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு' என்று ஒரு டிக் போடச் சொல்கிறீர்கள். பிரபலமானவரின் முகத்தைப் போட்டால் சில கருவிகள் மறுத்துவிடுகின்றன. நல்லது. ஆனால் இரண்டாவது பெட்டியில் எந்த வீடியோவைப் போட்டாலும் கேள்வி கிடையாது. கேட்பது எல்லாம் நீளம் எவ்வளவு, ஆள் முழுசாகத் தெரிகிறாரா, இவ்வளவுதான். முகம் ஒருவருக்குச் சொந்தம், அசைவு வழியில் கிடக்கும் கூழாங்கல் என்று திரையே சொல்லிவிடுகிறது.

கருவி உள்ளே என்ன செய்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இவற்றில் பல, முதலில் வீடியோவில் இருப்பவரைப் புள்ளிகளாக மாற்றிக்கொள்கின்றன. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து, 2017 முதல் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்திய ஓப்பன்போஸ் என்ற மென்பொருள், உடம்புக்கு 25 புள்ளிகள், ஒவ்வொரு கைக்கும் 21, முகத்துக்கு 70 என்று எடுக்கும். புள்ளிகளைக் கோடுகளால் இணைத்தால் ஒரு குச்சி மனிதன் கிடைப்பான். அந்தக் குச்சி மனிதன் பிரேம் பிரேமாக எப்படி நகர்கிறானோ அப்படியே, படத்தில் இருக்கும் உருவத்தை வரைந்துகொண்டே போகிறது கருவிக்குள் இருக்கும் ஏஐ மாடல். எல்லாக் கருவிகளும் குச்சி மனிதனை நம்பியில்லை. சில தாங்களே புள்ளிகளைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. ஆனால் எதுவானாலும் அந்த இடத்தில் ஆளுடைய நிறம், முகம், உடை எல்லாம் கழன்று போய்விடுகின்றன. மிஞ்சுவது அசைவு மட்டும். 'முகத்தை எடுத்துவிட்டோம், இனி இது யாருடையதும் இல்லை' என்ற எண்ணம் அங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன்.

அந்த எண்ணம் தவறு. இது தெரியவந்து ஐம்பது வருடங்கள் ஆகின்றன. ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் ஒருவரின் மூட்டுகளில் சின்னச் சின்ன விளக்குகளைப் பொருத்தி, மற்ற எதுவும் தெரியாதபடி இருட்டில் நடக்கவிட்டுப் படம்பிடித்தார். 1973-ல் அதை வெளியிட்டார். படத்தை நிறுத்தி வைத்தால் வெறும் ஒளிப்புள்ளிகள், ஒன்றும் விளங்காது. ஓடவிட்டால் அடுத்த கணமே, 'ஓ, ஒருவர் நடக்கிறார்' என்று பார்ப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். 1977-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கட்டிங், லின் கோஸ்லோவ்ஸ்கி இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். ஒருவரையொருவர் நன்றாக அறிந்த நண்பர்களை அதே முறையில் நடக்கவைத்து, யார் யார் என்று அவர்களையே கேட்டார்கள். எல்லா முறையும் சரியாகச் சொல்லவில்லை. ஆனால் குத்துமதிப்பாகச் சொன்னால் வரக்கூடியதைவிடத் தெளிவாக அதிகமாகச் சொன்னார்கள். முகம் இல்லை, உடை இல்லை, குரல் இல்லை. புள்ளிகளை வைத்தே தன் சிநேகிதரைக் கண்டுகொண்டார்கள்.

நம்மிடம் இது பேச்சிலேயே இருக்கிறதே. தூரத்தில் ஒரு உருவம் வரும்போது, 'நடையைப் பார்த்தால் அவர்தான்' என்கிறோம். நான் பூனையிடம் என் தோழியைக் கண்டதும் அப்படித்தான்.

இதில் ஒரு அனிமேட்டராக எனக்குத் தெரிந்த இன்னொன்றும் இருக்கிறது. அசைவு என்பது ஒரு உடம்பின் எடையோடு சேர்ந்து வருவது. ஒல்லியான ஒருவர் ஆடும் வீடியோவை எடுத்து மலை மாதிரி ஒரு அரக்கனுக்குக் கொடுத்துப் பாருங்கள். கால் தரையில் பதியாது, அரக்கன் பஞ்சுபோல மிதப்பான். தலை பெரிதாக, கை குட்டையாக வரைந்த குழந்தைப் பாத்திரத்துக்குப் பெரியவருடைய அசைவைக் கொடுத்தால் கை தலைக்கு எட்டாமல் கன்னத்தில் புதையும். நான்கு விரல்களோடு வரைந்த கையில் ஐந்தாவது விரல் முளைத்து மறையும். நீளப் பாவாடைக்குள்ளிருந்து முழங்கால் துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். உருவம் முழுதாகத் திரும்பினால், படத்தில் இல்லாத முதுகை மாடல் தானாகக் கற்பனை செய்யும், அதில் சடை ஒரு பிரேமில் இருக்கும், அடுத்ததில் இருக்காது. இதையெல்லாம் மாதக்கணக்கில் உட்கார்ந்து சரிசெய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு புதிய பதிப்பிலும் அந்த உழைப்பைப் பார்க்கிறேன். இந்தக் கோளாறு எல்லாம் எதைக் காட்டுகிறது? அந்த அசைவு வேறொரு உடம்பில் விளைந்தது, அந்த உடம்பின் அளவையும் எடையையும் வலியையும் தன்னோடு தூக்கிக்கொண்டு வருகிறது. என் தோழியின் முழங்காலைப் பூனைவரை கொண்டுபோய்ச் சேர்த்த அளவுக்கு உங்கள் வேலை துல்லியமாகிவிட்டது. அவள் பெயரையும் அதே தூரம் கொண்டுபோகத் துல்லியம்கூடத் தேவையில்லை. ஒரு வரி எழுத்து போதும்.

இது புதிய சிக்கலும் இல்லை. அமெரிக்க அனிமேட்டர் மாக்ஸ் ஃப்ளெய்ஷர் 1915-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ரோட்டோஸ்கோப், படம்பிடித்த ஆளின் அசைவைப் பிரேம் பிரேமாகக் கண்ணாடிமேல் நகல் எடுத்து வரையும் முறை. உங்கள் கருவியின் பாட்டி என்றே சொல்லலாம். 1932-ல் அவருடைய ஸ்டூடியோ பாடகர் கேப் காலோவேயின் ஆட்டத்தை எடுத்து, வால்ரஸ் வடிவப் பேய் ஒன்றுக்குக் கொடுத்தது. ஆனால் அந்தக் கார்ட்டூன் தொடங்கும்போதே காலோவே தன் இசைக்குழுவோடு நேரில் திரையில் வந்துவிடுகிறார். இவர் ஆட்டம்தான் இது என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஐந்து வருடத்தில் நேர்மாறான ஒன்று நடந்தது. 1937-ல் வந்த டிஸ்னியின் முதல் முழுநீள அனிமேஷன் படத்தில் ஸ்னோ ஒயிட் ஆடுவதற்கும் நடப்பதற்கும் மாதிரியாக இருந்தவர் மார்ஜ் சாம்பியன் என்ற நடனக்காரர். வேலையைத் தொடங்கியபோது பதின்வயதுப் பெண். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பிற்காலத்தில் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது, 2020-ல் 101 வயதில் இறந்தார். ஆனால் திரையரங்கில் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பாவாடை அப்படிச் சுழன்றது யாருடைய இடுப்பால் என்று தெரிய வழியே இல்லை. இரண்டுமே ஏறக்குறைய ஒரே காலம், ஒரே வகைத் தொழில்நுட்பம். ஒருவர் பெயர் நின்றது, இன்னொருவர் பெயர் நிற்கவில்லை. தொழில்நுட்பம் அதை முடிவு செய்யவில்லை. வேலையை நடத்தியவர்கள் முடிவு செய்தார்கள்.

இப்போது அந்த இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அன்றைக்கு ஒரு ஸ்டூடியோ, ஒரு படம், ஒரு நடனக்காரர். இன்றைக்குக் கைபேசி வைத்திருக்கும் யாரும் யாருடைய அசைவையும் எடுக்கலாம். 2018-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த ஆய்வாளர்கள் ஒருவர் ஆட்டத்தை இன்னொருவருக்கு மாற்றிக் காட்டியபோது, யாருக்கு மாற்றுகிறோமோ அவரையும் பல நிமிடங்கள் படம்பிடித்து, அவருக்கென்றே ஒரு மாடலைப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. தங்கள் முறையில் செய்த வீடியோவைக் கண்டுபிடிக்கவும் அவர்களே ஒரு வழி செய்து கொடுத்தார்கள், அதை மறக்கக் கூடாது. அடுத்த வருடமே ஒரே ஒரு படம் போதும் என்றாகிவிட்டது. 2023 இறுதியில் சீன நிறுவனமான அலிபாபாவின் ஆய்வாளர்கள் செய்த அனிமேட் எனிஒன் என்ற மாடல் வந்தபோது முழு உடம்பும், ஆடையின் மடிப்போடு அசைந்தது. 2025 செப்டம்பரில் அதே நிறுவனத்தின் வான் அனிமேட், யாரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்து வெளிவந்தது. ஏழு வருடத்தில் இவ்வளவு தூரம் வந்த துறை, அசைந்தவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

உங்கள் ஆய்வுக் கட்டுரைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் மாடல்களை ஒப்பிட அடிக்கடி பயன்படும் ஒரு தொகுப்பு, டிக்டாக்கிலிருந்து எடுத்த 300-க்கும் மேற்பட்ட குறும் நடன வீடியோக்கள். ஆடை அணிந்த உடம்பின் ஒவ்வொரு பகுதியும் கேமராவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணிக்க 2021-ல் வேறொரு ஆய்வுக்காகச் சேர்த்தவை. அந்தப் பெண்களும் ஆண்களும் ஒரே அசைவில் பல கட்டுரைகளில் உறைந்து நிற்கிறார்கள். எந்த மாடல் எத்தனை மதிப்பெண் என்று பக்கத்தில் அட்டவணை இருக்கும். ஆடியவர் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

பெயர் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஏஐ வருவதற்கு முன்பே ஒரு கதை உண்டு. 2019-ல் ஜலாயா ஹார்மன் என்ற 14 வயதுச் சிறுமி 'ரெனிகேட்' என்ற ஆட்டத்தை உருவாக்கினாள். டிக்டாக்கில் உலகமே அதை ஆடியது. மற்றவர்கள் அதை வைத்துப் புகழ் பெற்றார்கள். உருவாக்கியவள் யார் என்று பலருக்குத் தெரியவந்தது 2020 பிப்ரவரியில், பத்திரிகை எழுதிய பிறகுதான். அப்போதாவது ஆடியவர்கள் எல்லாம் மனிதர்கள், அந்த ஆட்டத்தை உட்கார்ந்து பழகியவர்கள். யாரிடம் கற்றாய் என்று அவர்களைக் கேட்க முடிந்தது. பூனையிடம் எப்படிக் கேட்பது?

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் ஒரு வழக்கை நீங்கள் எல்லோரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடன இயக்குநர் கைல் ஹனகாமி, தன் ஆட்டத்தின் ஒரு பகுதி ஃபோர்ட்நைட் விளையாட்டில் பாத்திரங்களின் அசைவாக வந்திருக்கிறது என்று அதை உருவாக்கிய எபிக் கேம்ஸ் மீது வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023 நவம்பரில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. நடனத்தை வெறும் நிலைகளாகச் சுருக்குவது இசையை வெறும் சுரங்களாகச் சுருக்குவது போன்றது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் விதம், வேகம், நிறுத்தம் எல்லாம் சேர்ந்ததுதான் நடனம். என் தோழியின் அந்த ஒரு கண நிறுத்தமும் அப்படித்தான். அடுத்த வருடம் பிப்ரவரியில் இரு தரப்பும் சமரசமாகப் போய்விட்டதால் இறுதித் தீர்ப்பு என்று ஒன்று வரவில்லை. கை ஆட்டுவது, குதிப்பது போன்ற எளிய அசைவுகளுக்கு யாரும் உரிமை கோர முடியாது, கோரவும் கூடாது. சரி. நான் கேட்பது உரிமைப் பத்திரம் இல்லை. பெயர்.

'நீங்களும் ரெஃபரன்ஸ் பார்த்துத்தானே வரைந்தீர்கள்?' என்று ஒரு இளம் பொறியாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆமாம், கண்ணாடி முன் நின்று நானே நடித்துப் பார்ப்பேன், மற்றவர்கள் நடப்பதையும் பார்ப்பேன். ஆனால் பார்த்தது என் கை வழியாக வரும்போது பாதி உதிர்ந்துவிடும், பாதி என்னுடையதாகிவிடும். உங்கள் கருவி உதிர்ப்பதில்லை. உதிர்க்காமல் இருப்பதுதான் அதன் பெருமை. அப்படியிருக்க, 'பார்த்துக் கற்றுக்கொண்டது' என்ற பழைய விளக்கம் இதற்குப் பொருந்தாது.

பூனையை வரைந்தவரைத் தேடிப்பிடித்து எழுதினேன். மிக நல்ல மனிதர். யாரோ பகிர்ந்ததை இன்னொருவர் பகிர, அதிலிருந்து எடுத்தாராம். ஆடியவர் யார் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. வருத்தம் தெரிவித்துவிட்டு, "பெயரை எங்கே போடுவது?" என்று கேட்டார். கருவியில் அதற்கு இடமே இல்லை. வீடியோவுக்குக் கீழே எழுதினார். இரண்டு நாளில் அதே பூனை வேறு பக்கங்களில், கீழே எழுதியது எதுவும் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அதனால் கேட்கிறேன். இரண்டாவது பெட்டிக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்: 'இதில் அசைபவர் யார்?' நானே, இன்னார், தெரியாது. இந்த மூன்றில் ஒன்று. 'தெரியாது' என்பவரைத் தடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைப் பார்த்த கையோடு பாதிப் பேராவது ஒரு நிமிடம் தேடிப் பார்ப்பார்கள். எழுதிய பெயர் வெளிவரும் கோப்புக்குள்ளேயே போகட்டும். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அடோபி, மைக்ரோசாஃப்ட், பிபிசி முதலானவை சேர்ந்து 2021-ல் தொடங்கிய சி2பிஏ தர நெறியில், ஒரு கோப்பு எந்தெந்த மூலப்பொருள்களிலிருந்து உருவானது என்று பதிய ஏற்கெனவே இடம் இருக்கிறது. 'ஏஐ உருவாக்கியது' என்று அதில் எழுதும்போது, அசைவு வந்த வீடியோவையும் ஒரு மூலப்பொருளாக எழுதுங்கள். பகிரும் தளங்கள் சில அதைக் கழற்றிவிடும் என்று தெரியும். அதனால் கடைசிப் பிரேமில் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு வரி போடும் வசதியும் வேண்டும், போடுவதே வழக்கமான அமைப்பாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, எளியது. அந்தப் பெட்டியில் முதல் பொத்தானாக 'பதிவேற்று' என்று வைக்காதீர்கள். 'உங்களைப் பதிவு செய்யுங்கள்' என்று வையுங்கள். கேமரா திறக்கட்டும். தன் உடம்பைத் தானே அசைத்துப் பார்ப்பவர்கள் இதில் எவ்வளவு கற்றுக்கொள்கிறார்கள் என்று நான் சொல்லித்தருபவர்களிடமே பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் டிராகனுக்காக வீட்டுத் தரையில் ஊர்ந்து ஊர்ந்து எடுத்த வீடியோ, வலையில் கிடைத்த எதையும்விட அவனுடைய டிராகனுக்குப் பொருந்தியது.

நீங்கள் தயாராக வைத்திருக்கும் அசைவுகள் இருக்கின்றனவே, 'நடனம் 4', 'வெற்றிக் கொண்டாட்டம்', 'சோக நடை' என்று, அவற்றில் சிலவற்றை ஒருவர் உங்கள் ஸ்டூடியோவில் வந்து ஆடிக் கொடுத்திருப்பார். அவர் பெயரை அங்கே போட என்ன தடை? ஒவ்வொரு முறை பயன்படும்போதும் அவருக்கு ஒரு பங்கு போக என்ன தடை? அமெரிக்காவில் வீடியோ கேம் நடிகர்கள் 2024 ஜூலை 26-ல் தொடங்கி ஏறத்தாழ பதினொரு மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏஐ-க்கு எதிரான பாதுகாப்பு, குரல் கொடுப்பவர்களோடு உடம்பை அசைத்துக் கொடுப்பவர்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் கேட்டதில் முக்கியமானது. அவ்வளவு நாள் இழுக்கவிடாமல் நீங்களாகவே செய்யலாம்.

ஒன்றை மட்டும் கேட்க மாட்டேன். வலையில் இருக்கும் அசைவுகளை எல்லாம் அலசி, இது இன்னாருடையது என்று தானாகக் கண்டுபிடிக்கும் பட்டியல் வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். பாட்டுக்கு அப்படி இருக்கிறதே என்கிறார்கள். முதலில் நானும் ஆசைப்பட்டேன். யோசித்தபோது பயமாக இருந்தது. நடையை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் பெரும் பட்டியல் நடனக்காரர் கையில் மட்டும் இருக்காது. முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போராடுபவரையும் அது காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இயந்திரம் கண்டுபிடிக்க வேண்டாம். எடுத்தவரைக் கேளுங்கள், அவர் சொல்லட்டும்.

இப்போது நான் ஒரு பாட்டிப் பாத்திரத்தை வைத்துச் சின்னப் படம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பாட்டி மாடிப்படி ஏறுகிறாள், பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாள், திரும்பிக் கீழே பார்க்கிறாள். அசைவுக்கு என் தோழியைக் கேட்டேன். வந்தாள், பதினொரு முறை ஏறி இறங்கினாள், பணமும் வாங்கிக்கொண்டாள். திரும்பும் இடத்தில் அந்த நிற்றல் வந்திருக்கிறது, பாட்டிக்கு அது அவ்வளவு பொருத்தம். கருவியில் அவள் பெயரை எழுத இன்னும் இடமில்லை. கடைசி இருபத்துநான்கு பிரேம்களிலும் படியோரச் சுவரில் அவள் பெயரை நானே கையால் வரைந்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கருவியைத் தினமும் திறக்கும் ஒரு அனிமேட்டர்